டிரினிடாட் விழா நடத்தப் போறீங்களா? இதெல்லாம் பண்ணிடாதீங்க

வெளிநாட்டுல ஆபீஸ்லயோ பசங்க ஸ்கூல்லயோ கரீபியன் டேன்னு ஒன்னு வெச்சா போதும், பாப் மார்லி பாட்டு, பச்சை மஞ்சள் சிவப்புல தோரணம், சாப்பாட்டுக்கு ஜெர்க் சிக்கன்னு கண்ண மூடிட்டு இறக்கிடறாங்க. வந்திருக்கிறவங்க டிரினிடாட் அண்ட் டொபேகோகாரங்கன்னா இது மூணுமே ஜமைக்கா பக்கத்து விஷயம், அவங்களது கிடையாது, ஓணம் கொண்டாட கூப்பிட்டுட்டு கரகாட்டம் வெச்ச மாதிரிதான். கெய்ல் ஜமைக்கா, சென்னைக்கு ஆடின நம்ம பிராவோ டிரினிடாட், வெஸ்ட் இண்டீஸ்னு கிரிக்கெட் டீம்தான் இருக்கு, அப்படி ஒரு நாடு இல்ல. டிரினிகாரங்க பாட்டுன்னா கலிப்சோவும் சோகாவும். கொடியும் வேற, சிவப்புத் துணில வெள்ளை ஓரம் வெச்ச கருப்புப் பட்டை, மேல் இடது மூலைலேர்ந்து கீழ் வலது மூலைக்கு சரிவா இறங்கும். திருப்பி மாட்டினா எதிர்ப்பக்கம் சாஞ்சிடும், ஏணில ஏறறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துக்கங்க.

தேதி விஷயத்துல எல்லாருமே குழம்பறாங்க. சுதந்திரம் 1962 ஆகஸ்ட் 31, குடியரசு ஆனது 1976, அந்த நாள கொண்டாடறது செப்டம்பர் 24, ரெண்டும் வேற வேற. கார்னிவல் ஊர்ல நடக்கறது கிறிஸ்தவங்க தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு முந்தின திங்களும் செவ்வாயும், ஆனா பிப்ரவரி குளிர்ல டொராண்டோல இறகு கட்டிக்கிட்டு யார் ரோட்ல ஆடறது, அதனால அங்க 1967ல ஆரம்பிச்சப்பவே கோடைல வெச்சுட்டாங்க. லண்டன் கதை இன்னும் கனமானது. 1958ல நாட்டிங் ஹில்ல கறுப்பின மக்கள அடிச்சு கலவரம் பண்ணாங்க, அதுக்கு பதிலடி குடுக்கற மாதிரி டிரினிடாட்ல பிறந்த கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரில செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹால்ல ஒரு கார்னிவல் நடத்துனாங்க, தெருவுல நடக்கறது அப்புறம் 60கள்லதான் வந்துச்சு. இத ஒரு வரி கூட சொல்லாம இறகும் மினுமினுப்பும் மட்டும் போஸ்டர்ல போட்டா எனக்கு கோவம்தான் வருது. இன்னொன்னு, ஆடறவங்க இடுப்ப ஆட்றாங்கன்னா அது உங்களுக்கான அழைப்பு இல்ல, கேக்காம பின்னாடி போய் ஒட்டிக்காதீங்க, டிரஸ்ஸ தொடாதீங்க.

ஸ்டீல்பேன் வாசிக்க ஆள் வந்தா தயவுசெஞ்சு பசங்கள கரண்டியோட பக்கத்துல விடாதீங்க. அது வெறும் ட்ரம் இல்லங்க. எண்ணெய் பேரலோட அடிப்பக்கத்த குழியா இறக்கி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியா சுத்தியால தட்டி டியூன் பண்ணது, ரப்பர் சுத்தின சின்னக் குச்சியாலதான் வாசிப்பாங்க, ஓங்கி அடிச்சா ஸ்ருதி போயிடும், அப்புறம் அதுக்குன்னே இருக்கிற டியூனர் வந்துதான் சரி பண்ணணும். 1880கள்ல பிரிட்டிஷ்காரன் தோல் மேளத்துக்கு தடை போட, மூங்கில தரைல இடிச்சு தாளம் போட்டாங்க, அப்புறம் பிஸ்கட் டின், கடைசியா பேரல். அப்படி வந்தத ரெஸ்டாரன்ட் பேக்ரவுண்ட் மியூசிக் மாதிரி ஓரத்துல உக்கார வெக்காதீங்க, நடு மேடைய குடுங்க.

நம்மாளுங்க ஸ்பெஷலா பண்ற தப்பு ஒன்னு இருக்கு. முகத்த பாத்துட்டு "இந்தியால எந்த ஊரு, இந்தி தெரியுமா"ன்னு கேக்கறது. 1845 மே 30ல முதல் கூலிக் கப்பல் கல்கத்தாலேர்ந்து போய் சேந்துச்சு, இப்ப இருக்கிறவங்க அஞ்சாறு தலைமுறை தாண்டிட்டாங்க, அவங்க டிரினிகாரங்க, அவ்ளோதான். பெரும்பாலும் போஜ்புரி பக்கத்து ஆளுங்கதான், மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்தும் கப்பல் போயிருக்கு, மதராசிங்க வழியா வந்த காளி பூஜை அங்க இன்னும் நடக்குது. அதுக்காக விழாவ பாலிவுட் நைட்டா மாத்திடாதீங்க, இந்திய வம்சாவளிக்காரங்க மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, ஆப்பிரிக்க வம்சாவளியும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு பக்கத்த மட்டும் மேடை ஏத்தினா இன்னொரு பக்கம் முகம் சுருங்கும்.

சாப்பாட்டுக்கு டபுள்ஸ் வெச்சா பாதி கவலை தீந்துச்சு. மஞ்சள் போட்டு மைதால பூரி மாதிரி பொரிச்ச ரெண்டு பாரா, நடுவுல சன்னா, மேல புளிச் சட்னி, பெப்பர் சாஸ், பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்க. தட்டு ஃபோர்க்லாம் வேணாம், கைலதான் சாப்பிடணும். நமக்கு காரம் பழக்கம்தானேன்னு வீரம் காட்டாம "ஸ்லைட்"னு கேளுங்க, கொஞ்சமா ஊத்துவாங்க, அதுவே போதும்.

அப்புறம் டொபேகோ. பேனர்ல டிரினிடாட்னு மட்டும் அடிச்சுட்டு விட்டுடறாங்க, அந்தத் தீவுக்காரங்க ஒருத்தர் வந்திருந்தாலும் நேரா வந்து கேப்பாங்க. மெனுல நண்டு கறியும் டம்ப்ளிங்கும் சேருங்க, ஈஸ்டருக்கு அங்க புக்கூங்கற ஊர்ல நடக்கிற ஆட்டு ரேஸ் போட்டோ ஒன்னு சுவத்துல ஒட்டுங்க, பசங்க கூட்டமே அங்கதான் நிக்கும்.