கதையில் வரும் மரம் எதற்குக் குறியீடு? படித்தறியும் முறை

நவீனத்துவச் சிறுகதையில் ஒரு மரம் வந்தால், அது எதற்குக் குறியீடு என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டாதீர்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். காத்தரின் மான்ஸ்ஃபீல்டு எழுதி 1918இல் வெளியான ‘ப்ளிஸ்’ கதையின் பேரி மரத்தைக் கொண்டு இதைப் பழகுவோம். கதையின் முடிவும் இங்கே வரும். அதனால் முதலில் கதையை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை பென்சிலோடு உட்காருங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம்: என்ன தெரிகிறது, யார் பார்க்கிறார், சற்றுமுன் என்ன நடந்தது. மரம் வரும் இடங்களோடு அதன் சாயல் விழும் இடங்களையும் சேருங்கள். பலர் தவறவிடுவது இந்தச் சாயல்களைத்தான். கதையின் நாயகி பெர்த்தா, தன் வீட்டு விருந்துக்கு உடுத்துவது வெள்ளை உடை, பச்சை மணிமாலை, பச்சைக் காலணி, பச்சைக் காலுறை. பூத்த மரமேதான். இந்த உடையை அவள் ஜன்னலருகே நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீர்மானித்திருந்தாள் என்றும் கதை சொல்கிறது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டே நம்மைக் கவனிக்க வைக்கும் இடம் அது.

அடுத்து, இரண்டாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். மரம் தன் வாழ்க்கையின் குறியீடு என்று நினைப்பது பெர்த்தா, ஆசிரியர் அல்ல. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பாத்திரத்தின் நம்பிக்கையை அப்படியே எடுத்து ‘மரம் = பெர்த்தா’ என்று எழுதிவிடுகிறார்கள். குறிஞ்சி என்றதும் புணர்தல் என்று படித்துப் பழகிய நமக்கு அந்தச் சமக்குறி எளிதாக வந்துவிடும். திணை மரபில் அந்தப் பொருள் புலவருக்கும் கேட்பவருக்கும் பொது. இங்கே அப்படி ஒரு பொது ஒப்பந்தம் கிடையாது.

பிறகு மரத்தின் அக்கம்பக்கம். அவள் முதலில் மரத்தைப் பார்க்கும்போதே புல்வெளியில் ஒரு சாம்பல் பூனை ஊர்கிறது, நிழல்போல ஒரு கறுப்புப் பூனை பின்தொடர்கிறது. அவள் சிலிர்த்துப்போகிறாள். இரவில் விருந்தாளி பேர்ல் ஃபுல்டன் விடைபெறும்போது, பின்னால் செல்லும் இன்னொரு விருந்தாளி எடியைப் பார்த்ததும் அதே பூனைகள் உவமையாகத் திரும்ப வருகின்றன. கணவன் ஹாரிக்கும் பேர்லுக்கும் உள்ள உறவைப் பெர்த்தா அதற்குச் சற்று முன்தான் கண்டுகொண்டாள். நிலவொளியில் மரத்தை அவளோடு சேர்ந்து நின்று பார்த்தவளும் அதே பேர்ல். அப்படியானால் மரம் யாருடையது?

ஒரு விளக்கம் எழுதி, தாளின் ஒவ்வொரு வரியோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாத வரி இருந்தால் விளக்கத்தைத் திருத்துங்கள், வரியை அடிக்காதீர்கள். கடைசி வரி கட்டாயம் இடிக்கும்: எல்லாம் நொறுங்கிய பிறகும் மரம் முன்போலவே பூத்து, அசையாமல் நிற்கிறது.

‘பேரி மரம் பெர்த்தாவின் மகிழ்ச்சியைக் குறிக்கிறது’ என்பது பாதி விடை. ‘பெர்த்தா தன் மகிழ்ச்சியை மரத்தின் மேல் ஏற்றுகிறாள், அந்த மகிழ்ச்சி உடைந்தபோது மரம் அவளோடு உடையவில்லை’ என்று எழுதினால், தாளில் குறித்த முதல் வரியும் கடைசி வரியும் அதற்குள் அடங்கும்.