16 கோர் இருந்தும் உழைத்தது ஒன்றுதான்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சர்வர். காலை 10 மணிக்கு மேல் பில்லிங் திரை இழுக்க ஆரம்பிக்கும். "ஏனுங்கண்ணா, சிபியு 8 சதவீதந்தானுங்க காட்டுது?" என்றான் கூட இருந்த தம்பி. அந்த 8தான் ஏமாற்றியது. சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் 16 கோருக்கும் சேர்த்த சராசரி அது. சிபியு வேலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளையான டாப்பில் 1-ஐத் தட்டி கோர் கோராகப் பார்த்தால், முதல் கோர் மட்டும் 100-ல் நிற்கிறது, முழுக்க சாஃப்ட் இன்டரப்ட், அதாவது நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளைக் கையாளும் வேலை. பல்லடத்தில் 16 தறி போட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டின மாதிரி.

10 கிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டாகவே வந்தால் நொடிக்கு 1.488 கோடி. ஒன்றுக்கு 67 நானோநொடிதான் கிடைக்கும். எங்களுக்கு அவ்வளவு வரவில்லை. ஆனாலும் ஒரு கோர் திணறிவிட்டது.

நெட்வொர்க் கார்டின் அமைப்பைக் காட்டும், மாற்றும் ஈத்டூல் கட்டளையில் பார்த்தேன். கார்டுக்கு 8 க்யூ (பாக்கெட் வரிசை) உண்டு, யாரோ புண்ணியவான் 1 என்று வைத்திருக்கிறார். 8 ஆக்கினேன். லிங்க் ஒரு கணம் விழுந்து எழுந்தது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம். இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்கியூபேலன்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, அதையும் ஓடவிட்டேன். இன்டரப்ட் 8 கோருக்கும் பிரிந்தது, பில்லிங் சரியாகிவிட்டது.

ராத்திரி பேக்கப் மட்டும் பழைய வேகம்தான், அது ஒரே இணைப்பில் ஓடுவது. ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே க்யூவுக்குத்தான் போகும், அதை இது பிரிக்காது.