பாட்டையா இரண்டு தடவை இறந்த கதை: வம்சாவளி மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் செட்டிநாட்டு நகரத்தார். போன படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோரை வணங்கும் நாள்) எங்கள் வீட்டு வளவில் பத்தடிக்கு நாலடி ஃபிளெக்ஸ் ஒன்று கட்டினேன். என் மகனில் தொடங்கி மேலே ஏழு தலைமுறை. ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணினியில் ஏற்றியது. பொறந்த வீட்டுப் படைப்புக்கு வந்திருந்த எங்கள் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, எங்கப்பச்சி ரெண்டு இடத்துல இருக்காக. இங்கன 1982-ல சிவபதவின்னு போட்டிருக்கு, அங்கன 1922-ன்னு போட்டிருக்கு. 22-லயே போயிட்டாகன்னா 41-ல நான் எப்படிப் பொறந்தேன்?"

எங்கள் பேச்சில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. ஆயாவுக்குப் பின்னாலேயே பங்காளி வீட்டுச் சித்தப்பா ஒருவர் வந்து, "எல்லாம் சரி தம்பி, எங்க பேரு எங்க?" என்றார். அவர் பெயர் அதில் இல்லை. அங்கே வந்திருந்த முக்கால்வாசிப் பேரின் பெயரும் இல்லை.

மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. படம் எப்படித் தொங்கும் என்ற கனவிலேயே விவரத்தை ஏற்றியதுதான் கோளாறு. நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ். காசில்லாமல் கிடைக்கிறது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மைஹெரிடேஜ் போன்ற இணையச் சேவைகளில் ஏற்றுகிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரே ஆள், இரண்டு பதிவு

என் அப்பச்சிக்கு ஆத்தா அயித்தை மகள். அதனால் ஆயாவைப் பெற்றவர் எனக்கு இரண்டு வழியிலும் பாட்டையா. அப்பச்சி வழியை ஏற்றும்போது அவரை ஒரு முறை ஏற்றினேன். இரண்டு மாதம் கழித்து ஆத்தா வழிக்கு வந்தபோது அது மறந்துபோய், புதிதாக இன்னொரு முறை ஏற்றினேன். மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். ஒன்றில் செய்த திருத்தம் மற்றதற்குப் போகாது.

அம்மான் மகள், அயித்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கொண்டு கொடுக்கிற நம் ஊர்களில் இது வராத வம்சாவளியே இருக்காது. பெற்றோரையோ மனைவியையோ சேர்க்கும்போது 'புதிய நபர்' பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'ஏற்கெனவே உள்ள நபர்' என்று ஒன்று இருக்கும். முதலில் அதைத் தொட்டுத் தேடிப் பாருங்கள். இரட்டைப் பதிவு விழுந்துவிட்டால் ஒன்றை அழித்துவிடக் கூடாது. அதில் தொங்கும் பிள்ளைகள், புகைப்படங்களின் இணைப்பெல்லாம் அறுந்துபோகும். இரண்டையும் தேர்ந்து 'ஒன்றிணை' கொடுக்க வேண்டும். இரட்டைகளைத் தேடித் தரும் கருவியும் கிராம்ப்ஸில் உண்டு.

ஒன்றிணைத்த பிறகும் முன்னோர் படத்தில் அவர் இரண்டு பெட்டியில்தான் வருவார். அது பிழையில்லை, இரண்டு வழியில் முன்னோர் என்றால் இரண்டு இடம். ஒரே பெட்டியில் பார்க்க வேண்டுமானால் உறவு வரைபடம் என்ற வகையை எடுங்கள். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், ஆனால் ஆளுக்கு ஒரு பெட்டிதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மூத்த பேரனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயர், அடுத்தவனுக்கு ஆத்தாளைப் பெற்ற ஐயாவின் பெயர் என்று வைப்பது வழக்கம். நாலு அண்ணன் தம்பி என்றால் நாலு வீட்டு மூத்த மகனுக்கும் ஒரே பெயர். இணையச் சேவை 'இவரும் அவரும் ஒருவரே போலிருக்கிறது' என்று பொருத்தம் காட்டும். பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதே என்று சம்மதம் கொடுத்தால் சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மனைவி பெயர், பெண் எடுத்த ஊர், விலாசம் (முகவரி இல்லை, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துச் சரம்) மூன்றும் ஒத்துப்போனால் ஒழிய நான் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

அறுபது வருஷம் தள்ளிப்போன தேதி

பாட்டையா 1922-ல் இறந்த மர்மம் இதுதான். பழைய நோட்டில் 'துன்மதி வருஷம் தை மாதம்' என்று இருந்தது. துன்மதி 1921 ஏப்ரலில் பிறந்த வருஷம். அறுபது ஆண்டு சுற்றி 1981-லும் அதுதான் வந்தது. ஒரு தடவை சரியாக 1982 ஜனவரி என்று எழுதினேன். இன்னொரு தடவை தூக்கக் கலக்கத்தில் ஒரு சுற்று முன்னால் போய்விட்டேன். தமிழ் வருஷத்தை மாற்றும்போது அந்த ஆளின் பிள்ளைகள் பிறந்த காலத்தோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதவே கூடாது. தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் பலர் மறக்கிறார்கள். துன்மதி தை 1981 ஆகாது.

கிராம்ப்ஸில் யூத நாள்காட்டி, இஸ்லாமிய நாள்காட்டி, பாரசீக நாள்காட்டி எல்லாம் இருக்கின்றன, நம்முடையது இல்லை. ஆகவே மாற்றிய தேதியைத் தேதிக் கட்டத்தில் போட்டு, நோட்டில் இருந்த மூல வாசகத்தை அப்படியே குறிப்பில் எழுதிவையுங்கள். நாளை வேறொருவர் சரிபார்க்க அது ஒன்றுதான் ஆதாரம். தெரியாத தேதிக்கு 'ஜனவரி 1' என்று போட்டு நிரப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். 'சுமார்', 'முன்', 'பின்' என்று போட வசதி இருக்கிறது.

விலாசத்தைக் குடும்பப் பெயர் கட்டத்தில் திணிப்பது

மென்பொருள் எழுதியவர்கள் குடும்பப் பெயர் உள்ள ஊர்க்காரர்கள். நமக்கு அது இல்லை. இருப்பது விலாசம்: பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சரமாகக் கோத்தது. சிலர் அதைக் குடும்பப் பெயராகப் போடுகிறார்கள், சிலர் அப்பச்சி பெயரை, சிலர் ஊரை. ஒரே கோப்பில் மூன்றும் கலந்தால் பட்டியலில் யாரையும் தேட முடியாது. நான் அந்தக் கட்டத்தில் அப்பச்சி பெயரை மட்டும் போட்டு, 'தந்தை வழிப் பெயர்' என்று வகையைக் குறிக்கிறேன். விலாசம் தனிப் பண்பாக இருக்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். ஐயா பெயர் வைத்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசி வேறு பெயரால் கூப்பிட்ட வீடுகளில், அந்தக் கூப்பிடு பெயர்தான் ஊருக்குத் தெரிந்த பெயர்.

பிள்ளை கூட்டியதை மறைப்பது

ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வது செட்டிநாட்டில் சர்வ சாதாரணம். வம்சாவளி போடும்போதுதான் திடீரென்று எல்லோருக்கும் கூச்சம் வந்துவிடுகிறது. கூட்டிக்கொண்ட வீட்டை மட்டும் எழுதி, பெற்ற வீட்டை விட்டுவிடுகிறார்கள். அல்லது 'ரத்தம்தான் முக்கியம்' என்று பெற்ற வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. ஒருவருக்கு இரண்டு பெற்றோர் இணைகளைத் தர மென்பொருளில் தாராளமாக இடம் உண்டு. ஒன்றுக்குப் 'பிறப்பு', மற்றதற்குத் 'தத்து' என்று உறவு வகை போட்டால் முடிந்தது. வீடு, புள்ளி (கோயில் கணக்கில் குடும்பத்துக்கு உள்ள பதிவு) எல்லாம் கூட்டிக்கொண்ட வழியில் போகும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெற்ற வழியில் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு இணை இருந்தாலும் படம் வரையும்போது மென்பொருள் ஒரு வழியை மட்டுமே பிடித்து மேலே போகும். பட்டியலில் எந்தப் பெற்றோர் முதலில் இருக்கிறார்களோ அந்த வழி. அச்சிடும் முன் அந்த வரிசையைப் பாருங்கள். படைப்பு வீட்டில் தொங்கவிட ஒரு வரிசை, மருத்துவரிடம் காட்ட இன்னொரு வரிசை.

பெண்களைப் பாதியில் விடுவது

'மகள்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்' என்று பெயரோடு நிறுத்திவிடுவார்கள். மருமகள்களுக்குப் பெயர் மட்டும் இருக்கும், பொறந்த ஊர் இருக்காது. நகரத்தார் பிரிவுகளான ஒன்பது கோயிலில் பெண் பொறந்த கோயில் ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு வேறு. 'கோயில்' என்று ஒரே ஒரு பண்பை வைத்தால் இரண்டில் ஒன்று தொலையும். இரண்டாகவே வையுங்கள். இளையாற்றங்குடி, மாத்தூர் என்றால் உட்பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களின் விவரத்துக்கு நான் கண்ட நல்ல சான்று, கல்யாணத்தில் எழுதும் பதிவான இசைகுடிமானம். அதற்கு அடுத்தபடி, சீராக வந்த பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்கள். எங்கள் பூட்டியின் பொறந்த வீட்டு விலாசம் ஒரு பித்தளை அண்டாவின் விளிம்பில்தான் கிடைத்தது.

ஊர்களைப் பற்றி இரண்டே வார்த்தை. மாத்தூர் என்று தட்டினால் வரைபடம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தொட்டிப்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1930-ல் காரைக்குடியில் பிறந்தவரைச் சிவகங்கை மாவட்டம் என்று எழுதாதீர்கள். அந்த மாவட்டம் வந்தது 1985-ல். அப்போது அது இராமநாதபுரம். இராயவரம், அரிமளம் பக்கம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம்.

இனி அச்சு

முதல் கேள்வி, எந்தப் படம்? முன்னோர் படம் ஒருவரிலிருந்து மேலே விரியும். வழித்தோன்றல் படம் ஒரு பாட்டனிலிருந்து கீழே இறங்கும். பங்காளிகள் கூடும் இடத்தில் நான் முன்னோர் படத்தைத் தொங்கவிட்டேன். அதில் என் மகனுக்கு நேர் மேலே உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். சித்தப்பாவுக்கு ஏன் இடமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டையாவின் ஐயாவிலிருந்து இறங்கும் வழித்தோன்றல் படத்தைப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. முன்னோர் படத்தில் ஐந்து தலைமுறைக்கு 31 பெட்டி, ஏழுக்கு 127, எட்டுக்கு 255. ஏ4 தாளில் ஐந்துக்கு மேல் போனால் எழுத்து எறும்பாகும். வழித்தோன்றல் படம் இன்னும் மோசம். பிள்ளைகுட்டி நிறைந்த வீட்டில் அகலம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கிளைக்கு ஒரு தாள் என்று பிரிப்பது மேல்.

திரையைப் படம்பிடித்து ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள். 1920 புள்ளி அகலமுள்ள அந்தப் படத்தை எட்டடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 20 புள்ளிதான் மிஞ்சும். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். மென்பொருளிலிருந்தே பிடிஎஃப் ஆக எடுங்கள்; எழுத்தும் கோடும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிவைத்த பட்டியலை அப்படியே ஒட்டினால் மென்பொருளில் புரியாத குறிகள்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். கடைக்காரர் கோப்பை வேறு வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் ஓடும். எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பதித்து அனுப்பி, 'திறந்து திருத்த வேண்டாம், அப்படியே அச்சிடுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். முழுசாக அடிக்கும் முன், ஒரே ஒரு பெட்டியை அசல் அளவில் ஏ4-ல் எடுத்துச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் ஆச்சிமார் யாருக்கும் முடியாது.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைச் சுவரில் போடாதீர்கள். படைப்பன்று வளவில் எடுத்த செல்ஃபியில் பின்னால் தெரிகிற ஃபிளெக்ஸ் சாயங்காலத்துக்குள் நாற்பது குழுக்களுக்குப் போய்விடும். உயிரோடிருப்பவர்களின் விவரத்தை மறைத்து ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது.

ஜெட்காம் கோப்பு எடுத்துவிட்டதாலேயே எல்லாம் பத்திரம் என்று நம்ப வேண்டாம். அது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு விவரம் கொண்டுபோவதற்காக 1984-ல் வந்த வடிவம். வழக்கமான ஜெட்காம் கோப்பில் புகைப்படம் இருக்காது, அது இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். புகைப்படங்களையும் சேர்த்துக் கட்டும் பொதியாக ஒரு பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் பங்காளி யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.

இப்போதெல்லாம் ஃபிளெக்ஸுக்கு முன்னால் ஏ4 தாள்களில் அகலப் பெட்டியோடு ஒரு பிரதி அடித்து, பென்சிலோடு பெரியவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஆயா தன் பிரதியை நாலு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். தேதி இரண்டு, பெயர் ஒன்று திருத்தியிருந்தார். ஆயாவின் மகனான எங்கள் பெரிய அம்மானுக்கு, மூத்தவராக இருந்தும், ஆத்தாளைப் பெற்ற ஐயா பெயர் ஏன் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. அவர் பெட்டிக்கு மேலே நடுங்கும் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இவனுக்கு முன்னால ஒருத்தன். மூணு மாசம் இருந்தான்.'

பெயரை நான் கேட்கவில்லை, அப்பச்சியைப் பெற்ற ஐயா பெயராகத்தான் இருக்க வேண்டும். ஊகித்து எழுத மனசில்லாமல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, மூத்த பிள்ளை என்ற வரிசையை மட்டும் போட்டுச் சேமித்துவைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஆயாவைப் பார்க்கும்போது கேட்க வேண்டும்.