பழ ஈ மூளையில் ஸ்டெம் செல்லை எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

பிராட் மரபணுவின் பெயர் 'மூளைக் கட்டி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். அதைப் பார்த்து, கட்டியை உண்டாக்கும் மரபணு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. பழ ஈ மரபணுக்களில் பலவற்றுக்கு, அவை பழுதானால் என்ன ஆகும் என்று பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பிராட் ஒழுங்காக இருந்தால் கட்டி வராது.

சரி, பழுதானால் எல்லா நரம்பு ஸ்டெம் செல்களும் பெருகிவிடுமா? இல்லை. நியூரோபிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்களில் இரண்டு வகை உண்டு. பெருகுவது இரண்டாம் வகை; அது மூளையின் ஒவ்வொரு பாதியிலும் எட்டுதான். அது பிரியும் நேரத்தில் பிராட் புரதம் ஒரு விளிம்பில் பிறைநிலா போலக் குவிந்து, சிறிய சேய் செல்லுக்குள் இறங்குகிறது. பெரிய செல் ஸ்டெம் செல்லாகவே நீடிக்கிறது; சிறியது, ஸ்டெம் செல்லுக்கும் நியூரானுக்கும் (நரம்புச் செல்லுக்கும்) இடைப்பட்ட இடைநிலை முன்னோடியாக முதிர்கிறது. பிராட் இல்லாவிட்டால் அந்தச் சிறியது முதிராமல் மீண்டும் நியூரோபிளாஸ்ட் ஆகிவிடும். கட்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு 'விளைவு இல்லை' என்று முடிவு கட்டுவது வீண்.

எண்ணிக்கையில் வரும் பிழைதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. டெட்பான் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறிய செல்லையெல்லாம் நியூரோபிளாஸ்ட் என்று கூட்டிவிடுகிறார்கள். முதிர்ந்த இடைநிலை முன்னோடிகளிலும் டெட்பான் உண்டு. ஆசென்ஸ் என்ற இன்னொரு புரதத்துக்கான சாயத்தையும் சேர்த்துப் போட்டால் குழப்பம் தீரும்: இரண்டாம் வகை நியூரோபிளாஸ்டில் ஆசென்ஸ் இருக்காது, முதிர்ந்த முன்னோடியில் இருக்கும். முதல் வகையிலும் அது இருப்பதால், செல்லின் அளவையும் பார்க்க வேண்டும்; முன்னோடி சிறியது.

கருவில் இருக்கும் நியூரோபிளாஸ்ட்களில் ஹன்ச்பேக், க்ரூப்பெல், பிடிஎம், காஸ்டர் என்ற மரபணுக்கள் இதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. ஹன்ச்பேக் இல்லாவிட்டால் வரிசையே நின்றுவிடும் என்பது தவறான ஊகம். முதலில் பிறக்க வேண்டிய நியூரான்கள் காணாமல் போகும். அடுத்தவை பிறந்துகொண்டுதான் இருக்கும்.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. சோதனை மரபணு இயங்காமல் தடுத்து, வெப்பத்தில் செயலிழக்கும் ஜீஏஎல்80 என்ற புரதத்தின் தடையை நீக்க 29 டிகிரிக்கு மாற்றிய புழுக்கள், 18 டிகிரியில் இருப்பவற்றைவிட வேகமாக வளரும். மணிக்கணக்கை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், வயது வித்தியாசம்தான் மரபணுவின் விளைவாகத் தெரியும்.

புதிதாகப் பொரித்த புழுவில் பெரும்பாலான நியூரோபிளாஸ்ட்கள் பிரியாமல் கிடக்கும். அவை சாகவில்லை, உறங்குகின்றன. புழு உண்ட பிறகு, நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் சுரக்கும் இன்சுலின் போன்ற புரதங்கள் அவற்றை எழுப்புகின்றன. ஆகவே மரபணுவைக் குறை சொல்லுமுன், குப்பியில் புழுக்கள் நெருக்கியடித்து இரைக்குப் போட்டியிடுகின்றனவா என்று பாருங்கள்.