போர்தோவா, பர்கண்டியா? பயணத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்கியவர்கள் முதலில் கேட்பது, "போர்தோ, பர்கண்டி இரண்டில் எந்த ஊர் ஒயின் உசத்தி?" என்பதுதான். முதல் தவறும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நல்ல ஒயினை எந்தப் பெருநகரத்துக் கடையிலும் வாங்கிவிடலாம். விடுமுறையில் பகல் பொழுதை எப்படிக் கழிக்க விரும்புகிறோம் என்பதை வைத்தே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போர்தோ ஒரு துறைமுகப் பெருநகரம். கரோன் ஆற்றங்கரையில் வளைந்து நிற்கும் 18ஆம் நூற்றாண்டுக் கற்கட்டடங்களுக்காக 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. டிராம், கடைவீதி, 2016இல் திறந்த ஒயின் அருங்காட்சியகம், சற்றுத் தள்ளி அர்க்காஷோன் கடற்கரை, அங்கே நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த பிலா மணல்மேடு என்று ஒயினைத் தொடாதவர்களுக்கும் பொழுது போகும். பர்கண்டி என்ற வட்டாரத்தின் இதயமான கோத் தோர் அப்படியல்ல. திஜோன் நகரத்தில் தொடங்கி போன் நகரத்தைத் தாண்டி நீளும் ஒரே மலைச்சரிவு அது. சிற்றூரும் திராட்சைக் கொடியும் மாறிமாறி வரும். ஓர் ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊரின் கோபுரம் தெரியும். குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஒயினில் நாட்டமில்லை என்றால் அவர்களைப் பர்கண்டிக்கு இழுத்துச் செல்லாதீர்கள். நடக்கப் பிடித்தவர் என்றால் பர்கண்டியை விட்டு வேறு எங்கும் போகாதீர்கள்.

போர்தோவில் பலர் ஏமாறுவது தூரத்தில். பெஸ்ஸாக் பக்கம் சில தோட்டங்கள் நகரத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் மெதோக் என்ற ஒயின் வட்டாரத்தின் போயாக் ஊர் வடக்கே சுமார் 50 கிலோமீட்டர்; சேன் தெமிலியோன் என்ற ஒயின் ஊர் கிழக்கே இன்னொரு திசை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டமிட்டால், நடுவில் ஜிரோந்த் கழிமுகம் கிடப்பதால், பெரும்பாலும் நகரம்வரை திரும்பி வந்துதான் போக வேண்டும். பாதி நாள் சாலையிலேயே தீர்ந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். கார் இல்லாதவர்களுக்கு சேன் தெமிலியோன்தான் என் பரிந்துரை: ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், பிறகு தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிட நடை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது, அதற்காகவே போகலாம்.

பர்கண்டியில் நேரும் தவறு வேறு வகை. மெதோக்கின் மாளிகைகளைப் பார்த்த கண்ணோடு வந்து, "இங்கே பெரிய ஷாத்தோ (தோட்ட மாளிகை) எங்கே?" என்று தேடுகிறார்கள். வேறுபாட்டின் வேர் நில உரிமையில் இருக்கிறது. போர்தோவில் 1855ஆம் ஆண்டு ஒயின் தரவரிசை மாளிகையின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. பர்கண்டியில் தரம் மண்ணுக்குச் சொந்தம். குளோ த வூஜோவைப் பாருங்கள்: சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் வளர்த்தெடுத்த, மதில் சூழ்ந்த, சுமார் 50 ஹெக்டேர் தோட்டம். பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையிடமிருந்து பறிக்கப்பட்ட பின்னும் 1889 வரை ஒரே சொத்தாகத்தான் இருந்தது. அதன்பின் விற்றும், வாரிசுகள் பங்கு பிரித்தும், இன்று சுமார் 80 பேருக்குச் சொந்தம். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் இருக்கின்றன. ஒரே பெயரில் அத்தனை வகை ஒயின் வருவது இதனால்தான். கதவைத் திறப்பவரும் பெரும்பாலும் கொடியை வெட்டிவிட்டு வந்த விவசாயியே. அவரிடம் விற்பதற்கே சில நூறு பாட்டில்கள்தான் இருக்கலாம். முன்கூட்டி எழுதிக் கேட்காமல் போய்க் கதவைத் தட்டுவது, பாட்டில் எதுவும் வாங்காமல் மணிக்கணக்கில் சுவைப்பது இரண்டும் அவரது உழைப்பு நேரத்தைப் பறிப்பதாகும்.

பெயரிலும் கவனம் தேவை. ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் புகழ்பெற்ற தோட்டமான ஷாம்பெர்த்தேனின் பெயரை ஒட்ட வைத்துக்கொண்டது. ஆகவே ஜெவ்ரே ஷாம்பெர்த்தேன் ஊர் ஒயின். வெறும் ஷாம்பெர்த்தேன் அந்தத் தோட்டத்தின் ஒயின். இரண்டின் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். ஷாப்லி என்ற ஒயின் ஊரும் பர்கண்டிதான் என்று படித்துவிட்டு, போன் நகரத்திலிருந்து மாலை உலாவாகப் போய்வர நினைக்கிறார்கள். அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு இரண்டு மணி நேரம், திஜோனுக்கு ஒன்றரை மணி நேரம் என்று அதிவேக ரயில் காட்டும் கணக்கு மயக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பாரிஸ் வழியாக, அங்கே ரயில் நிலையமும் மாறித்தான் போக வேண்டும். ஒரு நாள் போய்விடும்.

மாதமும் முக்கியம். ஆகஸ்டில் பல சிறு தயாரிப்பாளர்கள் விடுமுறையில் இருப்பார்கள். செப்டம்பர் அறுவடைக் காலம். காட்சி அழகு, ஆனால் பேச ஆள் கிடைக்காது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு, 1443இல் தொடங்கிய மருத்துவமனை அறக்கட்டளைக்காக போன் நகரத்தில் ஒயின் ஏலம் நடக்கிறது. அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். என் தேர்வு மே, ஜூன்.

கடைசியாக, காரோட்டுபவர். பிரான்சில் வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. நான்கு இடங்களில் சுவைத்தவர் இதை எளிதாகத் தாண்டிவிடுவார். மிதிவண்டிக்கும் சட்டம் பொருந்தும். சுவைத்துவிட்டுத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. ஒயின் வணிகர்களே நாள் முழுதும் அப்படித்தான் செய்கிறார்கள். மேசையோரம் அதற்கான கலம் இல்லையென்றால் கேளுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள்.