டெஸ்டில் 3.3 ஒத்துப்போகவில்லையா?

பைதான் நிரல்மொழி பழகும்போது கடை பில்லுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, பைதானோடு வரும் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட்டில் சோதித்தேன். தலா 1.1 கிலோ, மூன்று பொட்டலம், மொத்தம் 3.3 வர வேண்டும். டெஸ்ட் ஃபெயில்! பிழைச் செய்தியின் கடைசி வரியைப் பார்த்தால் 3.3000000000000003 என்று வால் நீண்டிருந்தது. ஃபங்ஷன் சரிதான். பைதான் ஃப்ளோட்டை, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்ணை, இரும எண்ணாக வைத்துக்கொள்கிறது; 1.1 அதில் துல்லியமாக அடங்காது.

இரண்டு மதிப்பும் அப்படியே சமமா என்று பார்க்கும் அசெர்ட்ஈக்வலை எடுத்துவிட்டு அசெர்ட்ஆல்மோஸ்ட்ஈக்வல் போட்டேன். வித்தியாசத்தை 7 தசம இடத்துக்கு ரவுண்ட் செய்து, பூஜ்யம் வந்தால் அது பாஸ் போட்டுவிடும். பைடெஸ்ட் என்ற இன்னொரு சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே மாதிரி வேலைக்கு அப்ராக்ஸ் இருக்கிறது.

எடைக்கு இது போதும். பணத்துக்கு மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கணக்குப் போட்டேன். அங்கே பழைய அசெர்ட்ஈக்வலே மறுபேச்சில்லாமல் பாஸ் ஆகிறது.