அரசுத் தனிப் பாதுகாவலர் ஆவது எப்படி? விண்ணப்பம் முதல் பி.எஸ்.ஓ. பணி வரை

அமைச்சருக்குப் பின்னால் சபாரி உடையில், இடுப்பில் பிஸ்டலோடு நிற்பவரைப் பார்த்துவிட்டு, "இந்த வேலைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்கள் ஏராளம். அதற்கென்று விண்ணப்பம் கிடையாது. தமிழ்நாட்டில் தனிப் பாதுகாவலர், அதாவது பி.எஸ்.ஓ., என்பது நேரடியாக ஆள் எடுக்கும் பதவி அல்ல. ஏற்கெனவே காவல் துறையில் இருக்கும் ஒரு காவலருக்கோ உதவி ஆய்வாளருக்கோ கொடுக்கப்படும் பணி அது. முதலில் போலீஸ், அப்புறம்தான் பி.எஸ்.ஓ. "நேரடியாக வி.ஐ.பி. பாதுகாப்பில் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், அது மோசடி. சந்தேகமே வேண்டாம்.

இப்படி ஒரு வரிசை இருப்பதற்குக் காரணம் அதிகாரம். தனியார் பாதுகாவலர் எவ்வளவு உடற்கட்டோடு இருந்தாலும் சட்டத்தின் முன் சாதாரணக் குடிமகன்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரையோ, நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தவரையோ மட்டுமே அவர் பிடித்து வைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தும் ஆக வேண்டும். காவலரின் நிலை வேறு. நியாயமான சந்தேகம் இருந்தால், 35-ஆம் பிரிவு சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். குற்றம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால், அது நடப்பதற்கு முன்பே 170-ஆம் பிரிவின் கீழ் பிடிக்கலாம். பாதுகாப்புப் பணிக்கு இந்த இரண்டாவது அதிகாரம்தான் உயிர்நாடி.

உள்ளே நுழையும் வழி

வாசல் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167), பெண்களுக்கு 159 செ.மீ. (அதே பிரிவினருக்கு 157). ஆண்களின் மார்பளவு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். பட்டம் இருந்தால் உதவி ஆய்வாளர் தேர்வையும் எழுதுங்கள். அந்த அறிவிக்கை வரும் வரை காவலர் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள். துறைக்குள் வந்துவிட்டால் உதவி ஆய்வாளர் தேர்வில் துறை ஒதுக்கீட்டிலும் போட்டியிடலாம்.

காவலர் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு 70 மதிப்பெண். அதற்கு முன் தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு நடக்கும். 40 விழுக்காடு எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாகப் போய் அங்கேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. பழைய பள்ளிப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியை இரண்டு முறையாவது வாசித்துவிட்டுப் போங்கள். முதன்மைத் தாளில் பொது அறிவோடு உளவியல் கேள்விகளும் வரும். எண் தொடர், திசை, உறவுமுறைக் கணக்குகள் எல்லாம் கடிகாரம் வைத்துப் பழகினால் மட்டுமே கைக்கு வரும்.

உடல்திறனில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 நொடி கிடைக்கும். தோற்பவர்களில் பெரும்பாலோர் கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 80 நொடியில் முடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டி நடப்பவர்கள். முதல் சுற்றை 100 நொடிக்குக் குறையாமல் ஓடப் பழகுங்கள். வீட்டுப் பயிற்சியில் 6 நிமிடம் 20 நொடி வந்துவிட்டால், தேர்வு நாளின் வெயிலும் பதற்றமும் சேர்ந்தும் 7 நிமிடத்துக்குள் அடங்கும்.

அடுத்த நிகழ்வுகளில் எட்டிய அளவுக்கு ஏற்ப நட்சத்திரம் என்ற தர மதிப்பீடு கிடைக்கும். ஆண்களுக்கான கயிறு ஏறுதலில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. கை பலத்தை மட்டும் நம்பி ஏறுபவர் மூன்று மீட்டருக்கு மேல் தொங்கிவிடுவார். கயிறு ஒரு காலின் வெளிப்பக்கமாக இறங்கி அந்தப் பாதத்தின் அடியில் போகட்டும். மறு பாதத்தால் அதை மேலிருந்து மிதித்துப் பூட்டுங்கள். பிறகு முழங்காலை நீட்டி எழுந்தால் உடம்பைக் கால் தூக்கும், கை பிடித்தால் மட்டும் போதும். இறங்கும்போது சறுக்காதீர்கள். உள்ளங்கை உரிந்துவிட்டால் அடுத்த நிகழ்வும் போய்விடும். நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50 மீட்டருக்கு இரண்டு. மணலில் விழுந்ததும் கையைப் பின்னால் ஊன்றினால் அளவு அந்தக் கைத்தடத்திலிருந்துதான் எடுக்கப்படும். நன்றாகத் தாண்டியவரும் அரை மீட்டரை இழப்பது இப்படித்தான்.

மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு, மாறுகண், தட்டைப் பாதம், முட்டி தட்டல் ஆகியவை பார்க்கப்படும். விண்ணப்பிக்கும் முன்பே ஓர் அரசு மருத்துவமனையில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக் கால வழக்கு ஒன்று போதும்

எல்லாத் தேர்விலும் வென்றபின் பலர் விழும் குழி நன்னடத்தைச் சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(ஆ) விதி இதில் மிகக் கடுமையானது. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுவித்திருந்தாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலை கிடைத்திருந்தாலும், உங்களைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே அந்த விதி கருதும். ஊர்த் திருவிழா அடிதடியில் பெயர் சேர்க்கப்பட்ட வழக்குகூட இதில் வரும். அதைவிடப் பெரிய தவறு மறைப்பது. படிவத்தில் "வழக்கு ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதி, பின்னால் முதல் தகவல் அறிக்கை வெளிப்பட்டால், வழக்கின் தன்மையைப் பார்ப்பதற்கு முன்பே மறைத்த குற்றத்துக்காக விலக்கப்படுவீர்கள். இருப்பதை எழுதி, தீர்ப்பு நகலை இணையுங்கள்.

பாதுகாப்புப் பணிக்குள் இந்தச் சோதனை மறுபடியும் நடக்கும், இன்னும் ஆழமாக. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய காவல் பணியில் இருந்தவர்களே. பாதுகாவலரைப் பற்றிய சரிபார்ப்பு சடங்காக இருக்க முடியாது என்பதை நாடு கற்றது அன்றுதான்.

காவலரிலிருந்து பி.எஸ்.ஓ.

காவலர் பயிற்சிப் பள்ளியிலோ, உதவி ஆய்வாளராக இருந்தால் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்திலோ பயிற்சி முடிந்ததும், காவலர்கள் பெரும்பாலும் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போவார்கள். பாதுகாவலர் தேர்வுக்கு ஆயுதப்படை நல்ல இடம். கைதி வழிக்காவல், பந்தோபஸ்து, ஆயுதக் காவல் என்று துப்பாக்கியோடு பழகும் வேலை அங்கேதான் அதிகம். முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிப்பது பாதுகாப்புப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை. முதல்வரின் பாதுகாப்புக்கு அதிலேயே கோர் செல் என்ற தனி அணி உண்டு.

ஆள் கேட்கும்போது உங்கள் பெயர் மேலே வர மூன்று விஷயங்கள் உதவும்: தண்டனை இல்லாத பணிப் பதிவேடு, ஆண்டுச் சுடுபயிற்சியில் நல்ல மதிப்பெண், கமாண்டோ பயிற்சி. இதோடு வாகனம் ஓட்டும் உரிமமும், இந்தியோ ஆங்கிலமோ பேசும் பழக்கமும் இருந்தால் வெளிமாநிலப் பயணங்களுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். சிபாரிசு பிடித்து வருபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்படி வந்தவர் அந்தப் பிரமுகரின் ஆளாகிவிடுகிறார், அவரிடம் "இது வேண்டாம், ஐயா" என்று சொல்ல முடியாமல் போகிறது. பாதுகாவலர் சொல்ல வேண்டிய மிக முக்கியமான சொல்லே அதுதான்.

மத்திய அரசு வழியும் இருக்கிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜி.டி. (பொதுப் பணி) காவலர் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதன் வழியாக சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற படைகளில் சேர்ந்தால் அவற்றின் வி.ஐ.பி. பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போக வாய்ப்புண்டு. அங்கே ஆண்கள் 5 கி.மீ.யை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். பிரதமரைப் பாதுகாக்கும் எஸ்.பி.ஜி. நேரடியாக ஆள் எடுப்பதில்லை. மற்ற படைகளிலிருந்து அயற்பணியில் வருபவர்களால் ஆனது அது.

நிற்பதும் பார்ப்பதும்

வலக்கைப் பழக்கமுள்ள பி.எஸ்.ஓ. தனியாக இருந்தால் பிரமுகரின் வலப்பக்கம், ஒரு கை நீளம் பின்னால் நிற்க வேண்டும். இடக்கை அவருடைய தோளை எட்டும் தூரத்தில் இருக்கும். வலக்கை துப்பாக்கிக்குச் சும்மா இருக்கும். அதனால்தான் குடை, கைப்பை, அலைபேசி, சால்வைக் கட்டு எதையும் வாங்கக் கூடாது. உதவியாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே மறுத்துவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் கழித்து மறுத்தால்தான் சங்கடம்.

கண் முகங்களில் அல்ல, கைகளில் இருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு கத்தியை எடுக்கலாம், கை தெரியாமல் எடுக்க முடியாது. பையில் நுழைந்த கை, துண்டுக்கடியில் மறைந்த கை, எல்லோரும் கை தட்டும்போது அசையாத கை ஆகியவற்றைத் தேடுங்கள். அடுத்தது உடை. மே மாத வெயிலில் பருமனாக எதையாவது போட்டிருப்பவரை ஒதுக்கி விசாரியுங்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை இந்தப் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் நிமிடம் நிமிடமாகப் படிக்க வேண்டும். ராஜீவ் காந்தி அப்போது பிரதமர் அல்ல என்பதால் எஸ்.பி.ஜி. காவல் இல்லை. மாலையோடு நெருங்கிய பெண்ணைக் காவல் துறைப் பெண் அதிகாரி ஒருவர் தடுக்கப் பார்த்தார். தலைவர் வரவிடச் சொன்னார். இடுப்பில் கட்டியிருந்த குண்டு வெடித்தது. ராஜீவின் பி.எஸ்.ஓ. பிரதீப் குமார் குப்தாவும் அங்கேயே இறந்தார். மாலை, சால்வை, மனு கொடுப்பவர்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, அவர்களைச் சோதித்து, மற்றக் கூட்டத்தோடு கலக்காமல் தனி வரிசையில் நிறுத்த வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் அந்த இரவு இருக்கிறது. வரிசைக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு ஆளை விட்டாலும் சோதனை முழுவதும் வீண்.

தாக்குதல் வந்தால் முதல் வேலை சுடுவது அல்ல. "கத்தி, வலது!" என்று திசையோடு கத்துங்கள். கத்திக்கொண்டே பிரமுகரைக் குனியவைத்து, தாக்குபவருக்கும் அவருக்கும் நடுவே உங்கள் உடம்பைக் கொண்டுவாருங்கள். அப்படியே வாகனத்துக்கோ முன்பே பார்த்து வைத்த அறைக்கோ தள்ளிக்கொண்டு போங்கள். தாக்கியவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் ஆயுதம் பிடித்த கையை அடித்துத் திருப்பலாம். துரத்தாதீர்கள். புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான்: போலீஸ் புத்தி விழித்து, குற்றவாளியைப் பிடிக்க ஓடிவிடுவார்கள், பிரமுகர் தனியாக நிற்பார், இரண்டாவது ஆள் அதற்காகவே காத்திருக்கலாம். கைது செய்யும் வேலையைப் பந்தோபஸ்தில் இருக்கும் மற்றக் காவலர்கள் பார்ப்பார்கள்.

சுட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், உங்களைக் காப்பது சீருடை அல்ல, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான தற்காப்புப் பிரிவுகள். பிறர் உடலைக் காக்கவும் அந்த உரிமை உண்டு. உயிரிழப்பு வரை அது எப்போது நீளும் என்பதை 38-ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தில் அப்பாவிக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையை 44-ஆம் பிரிவு பேசுகிறது. இரண்டையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

காரில் பி.எஸ்.ஓ.வுக்கு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. நின்றதும் முதலில் இறங்குபவர் நீங்கள். சுற்றிப் பார்த்த பிறகே பின்கதவு திறக்க வேண்டும். ஏறும்போது கடைசி ஆள் நீங்கள். வண்டியைக் கிளம்பும் திசை பார்த்தே நிறுத்தச் சொல்லுங்கள். நிகழ்ச்சி இடத்துக்கு முன்பே போக முடிந்தால் மேடைப் படிக்கட்டு, இரண்டாவது வெளிவழி, ஜெனரேட்டர், கழிப்பறை எல்லாம் எங்கே என்று பார்த்துவிடுங்கள். அவசரச் சிகிச்சை வசதியுள்ள பக்கத்து மருத்துவமனையும் பிரமுகரின் ரத்த வகையும் உங்கள் சட்டைப் பைக் குறிப்பேட்டில் இருக்கட்டும். ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே கட்டு ஒன்றும் உடம்பிலேயே இருக்க வேண்டும், வண்டியில் அல்ல.

பிரமுகர் உங்களை விட்டுவிட்டுப் போவார். இது எல்லோருக்கும் நடக்கும். பஞ்சாபில் பாடகர் சித்து மூசேவாலா 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பு குறைக்கப்பட்டபின் மீதமிருந்த இரண்டு காவலர்களும் அவருடைய வண்டியில் இல்லை. அப்படி நடந்தால் கோபப்பட்டுப் பயனில்லை. உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது விசாரணையில் நிற்காது.

வெளிமாநிலம் போகும்போது அங்குள்ள காவல் துறைக்குப் பயணத் திட்டம் முன்கூட்டியே போய்விட்டதா என்று நீங்களே ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். பணிப் பாஸ்போர்ட்டை, அதாவது பணிக்காகப் பயணிக்கிறீர்கள் என்று துறை தரும் சீட்டை, மறக்க வேண்டாம். விமானத்தில் பிஸ்டல் உங்கள் இடுப்பில் வராது. குண்டுகளைக் கழற்றி, ஆவணத்தோடு விமான நிறுவனத்திடம் ஒப்படைத்து, இறங்கியபின்தான் வாங்க முடியும். அதற்குள் பிரமுகர் வெளியே போய்விடாதபடி உள்ளூர் காவலரை வாசலில் நிற்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அவருடைய பயணத்தைப் பற்றி வீட்டில்கூடப் பேச வேண்டாம். அவரோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும், அவர் எங்கே இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்வதும் ஒன்றுதான்.

பணி முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் குண்டறையைத் திறந்து காட்டி, குண்டுகளை எண்ணிக் கொடுங்கள். 9 எம்.எம். 1ஏ பிஸ்டலின் மேகசினில் 13 குண்டு பிடிக்கும். உங்களுக்கு எத்தனை கொடுத்தார்களோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். பதிவேட்டில் எண்ணிக்கையும் நேரமும் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதெல்லாம் அடுத்த பணிக்காரர் வந்த பிறகுதான். அதுவரை பிரமுகர் இருக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.